கரிக் கொட்டகைத் தண்ணீர்

அழகேசனோடு சண்டை போடாதவர்கள் என்று அரியலூர்க் கரி டெப்போவில் யாரும் இருந்ததில்லை. அவருடைய மாடுகள் இரண்டையும் வேண்டுமானால் தனியே வைக்கலாம். அவற்றையும் அவர் திட்டிக்கொண்டேதான் ஓட்டுவார்; அவை பதில் பேசுவதில்லை என்பதுதான் வித்தியாசம். ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவருடைய நல்ல குணத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நானும் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் யாரையோ திட்டுகிற குரல்தான் முதலில் காதில் விழுகிறது.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்களெல்லாம் மரக்கரியில் ஓடத் தொடங்கியிருந்தன. பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றிப் பற்ற வைத்தால், அதிலிருந்து வரும் புகையைக் குடித்து எஞ்சின் ஓடும். அந்த அடுப்புக்குக் கண்ட கரியும் ஆகாது. எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்திருக்க வேண்டும். தூள் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கவே கூடாது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே இரண்டு பஸ் விட்டிருந்த பாலசுந்தரம் முதலாளி, தன் பஸ்ஸுக்கும் பிறருக்கு விற்கவும் ரயிலடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டெப்போ வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். அதற்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு அங்கே கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

முன்பு சுண்ணாம்புக்கல் வெட்டிய ஒரு பள்ளத்தில் நீளமான கொட்டகை. வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வண்டிகளில் வரும் கரியை இரண்டு பக்கச் சுவரோரமும் கூரை எட்டக் குவித்திருப்பார்கள். நடுவில் ஒரு நடை. அந்த நடையில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் கரி உடைப்பார்கள், சலிப்பார்கள். கரி களவு போகக் கூடாது என்று கொட்டகைக்கு ஒரே ஒரு வாசல்தான், அதுவும் ஒரு கோடியில்.

நெருப்பை அணைக்க வழி செய்தால்தான் இன்ஷூரன்ஸ் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி ஒரு பழைய கடலை மில்லிலிருந்து இரும்புக் குழாய்களை வாங்கி, சாண் தூரத்துக்கு ஒன்றாக அடியில் துளை போட்டு, கூரைக்குக் கீழே மூன்று வரிசையாக மாட்டினார். இரண்டு வரிசை கரிக் குவியல்களுக்கு மேலே, ஒரு வரிசை நடைக்கு மேலே. பள்ளத்தின் கரையில், மேட்டில், ஒரு கிணறும் அதை ஒட்டிய தொட்டியும் இருந்தன. தொட்டி நிறைய எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் வாசலுக்கு வெளியே இருக்கும் வால்வைத் திருகினால் போதும், மேட்டுத் தண்ணீர் இறங்கிக் கொட்டகை முழுக்க மழையாகப் பெய்யும். பேச்சு இதுதான்.

அந்தத் தொட்டிக்கு மாடு கட்டிக் கவலை இறைக்க வந்தவர் அழகேசன். சிறுவாச்சூருக்குப் பக்கத்துக் கிராமம். பதினைந்து வயதிலிருந்து மாட்டை முன்னும் பின்னும் ஓட்டி நீர் இறைத்ததைத் தவிர வேறு வேலை செய்ததில்லை. ஊர்க் கிணறு வற்றியதும் மாட்டையும் மனைவி பொன்னுத்தாயையும் அழைத்துக்கொண்டு அரியலூருக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பொன்னுத்தாய்க்குக் கொட்டகையிலேயே கரி சலிக்கும் வேலை கிடைத்தது. வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. கொஞ்ச நாளிலேயே மற்றப் பெண்களுக்கு அவளே தலைவி மாதிரி ஆகிவிட்டாள்.

வந்த புதிதில் ஒரு நாள் அழகேசன், மனைவி உட்காரும் இடத்தைப் பார்க்கக் கொட்டகைக்குள் வந்தார். அவள் இடம் உள்கோடியில். அங்கே நின்று வாசலைப் பார்த்தார். இரண்டு பக்கக் கரியைப் பார்த்தார். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"கணக்கப்புள்ள, இது கொட்டாயா எலிப்பொறியா? நெருப்புப் புடிச்சா எம் பொண்டாட்டி எந்தப் பக்கமா ஓடுவா?"

"அதுக்குத்தானே குழாய் இருக்கு, அழகேசண்ணே. தண்ணி விழும்."

"வுழுமா? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. குழாய் மாட்டிய நாளிலிருந்து வால்வை ஒருவரும் முழுசாகத் திறந்ததில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. ஒரு தடவை திறந்து காட்டுங்கள். முதலாளி வரும்போதெல்லாம் மாட்டை நிறுத்திவிட்டு மேட்டிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

"மாடு வாங்குனா ஒரு தடவ ஏர்ல பூட்டிப் பாக்க மாட்டோமுங்களா, மொதலாளி? சும்மா தொறந்து மூடுங்க."

"தெறந்தா உள்ளே இருக்கிற கரி அத்தனையும் நனையும். எவன் வாங்குவான்? எடை கூட்டத் தண்ணி தெளிச்சிருக்கான்னு ஊரெல்லாம் பேராயிடும்," என்பார் முதலாளி. அதில் தப்பு சொல்ல முடியாது. தண்ணீர் பட்ட கரி என்றால் அந்த வியாபாரத்தில் திருட்டுக் கரி என்று அர்த்தம். அப்போதே கெட்ட பேர் பாதி வந்துவிட்டிருந்தது. கடலை மில் வால்வு பழசு. இறுக்கி மூடினாலும் கசியும். கசிந்தது துளைகள் வழியாகக் கரி மேல் சொட்டும். அந்தக் கரியைப் போட்டுக்கொண்டு திருவிழா ஸ்பெஷலாகப் போன முதலாளியின் சொந்த பஸ்ஸே சிறுவாச்சூர்க் கோயில் கூட்டத்துக்கு நடுவில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. அம்மனைக் கும்பிட வந்தவர்கள் பஸ்ஸைத் தள்ளினார்கள். டிரைவர் சின்னப்பராஜ், வரதராஜன்பேட்டைக்காரர், திரும்பி வந்ததும் ஒரு கரித்துண்டை என் மேஜைமேல் வைத்தார்.

"இது கரியா சார்? பழைய சோறு. புழிஞ்சா நீராகாரம் வரும் பாருங்க."

நான் பெண்களைக் கூப்பிட்டு, சொட்டுகிற இடத்தில் ஏதாவது செய்யுங்கள், கரி நனையக் கூடாது என்று சொல்லிவிட்டு என் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நாளில் ஈரக் கரி என்ற புகார் நின்றுபோனது. எப்படி நின்றது என்று நானும் கேட்கவில்லை. புகார் நின்றுவிட்டால் கேள்வியும் நின்றுவிடுகிறது. படித்ததால் வந்த பழக்கமா, சம்பளத்தால் வந்த பழக்கமா என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

அப்போதுதான் இன்னொரு வம்பு ஆரம்பித்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. அழகேசன் சாயங்காலம் நிரப்பிவிட்டுப் போவார். காலையில் பார்த்தால் ஒரு முழம் இறங்கியிருக்கும். தொட்டிச் சுவரில் தார்க் கோடு போட்டுவைத்தார். கோடு ஈரமில்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரயிலடிப் போர்ட்டர்களைச் சந்தேகப்பட்டார். வண்டிக்காரர்கள் மாட்டுக்குக் காட்டுகிறார்கள் என்றார். ஒரு நாள் என்னிடமே வந்து, "நீங்க குளிக்கிறதுக்கு எத்தன சொம்பு எடுக்கிறீங்க?" என்று கேட்டார். சின்னப்பராஜ் பஸ் கண்ணாடி துடைக்க ஒரு வாளி எடுத்ததற்கு, வாளியைப் பிடுங்கித் தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார்.

"மாமா, தொட்டியில ஓட்ட இருக்கான்னு பாருங்க," என்றார் சின்னப்பராஜ். "இல்லாட்டி ஒங்க வாயில பாருங்க. எங்கேயோ ஒழுகிக்கிட்டே இருக்கு."

பெண்களுக்கு இவர்மேல் தீராத கோபம். நாள் முழுக்கக் கரித்தூளில் உட்கார்ந்து எழுந்தால் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். அந்தக் கோலத்தில் ஊர்க் கிணற்றுப் பக்கம் போனால் விரட்டுவார்கள். தொட்டித் தண்ணீரில் ஆளுக்கு ஒரு குடம் கேட்டார்கள்.

"ஒரு குடம் எடுத்தா ஒரு குடம் நெருப்ப யாரு அணைக்கிறது?" என்று அழகேசன் தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

சுந்தராம்பாள் என்ற பெண், பொன்னுத்தாயின் கூட்டாளி, சும்மா விடவில்லை. "ஏன் தண்ணிக்காரரே, இப்பிடியே வூட்டுக்கு வந்தா ஒங்க பொண்டாட்டிய ஒங்களுக்கே அடையாளம் தெரியுமா?"

"கொரலக் கேட்டாத் தெரியும்."

"அந்தக் கொரல இனிமே கேக்க மாட்டய்யா நீ," என்றாள் பொன்னுத்தாய். "தண்ணியத்தானே கட்டிக்கிட்ட? அதுங்கிட்டயே சோறு கேளு."

ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இவ்வளவு சண்டைக்கும் பிறகு, அந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் முகம் கழுவி, மஞ்சள் பூசி, ஈரத் தலையோடு பளிச்சென்றுதான் வீட்டுக்குப் போனார்கள். அழகேசன் அதைப் பார்த்துக்கொண்டேதான் தண்ணீர்த் திருடனைத் தேடினார். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். ஒரு பெரிய ஆர்டருக்கு இருப்பு முழுவதும் ரயில் வேகனில் போய், ஒரே ஒரு நாள் கொட்டகை காலியாக இருந்தது. "இன்னிக்குத் தெறந்து பாத்துக்கோ. இதோட விட்டுடணும்," என்றார். அழகேசன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வால்வைத் திருகினார். நாங்களெல்லாம் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தோம். குழாய் முதலில் இருமியது. பிறகு காற்றாகச் சீறியது. பிறகு தடதடவென்று தகரத்தில் மழை பெய்கிற சத்தம். சத்தம்தான். தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

அழகேசன் ஓடி வந்து மேலே பார்த்தார். அண்ணாந்த வாய் மூடவில்லை. மூன்று வரிசைக் குழாய்களுக்கும் அடியில், குழாயோடு குழாயாகக் கறுத்துப்போய், மண்ணெண்ணெய்த் தகரங்களை நீளவாட்டில் வெட்டிக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தது. குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் அத்தனையும் அந்தத் தகரத்தில் விழுந்து, சரிவாக ஓடி, பின்சுவர் ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய நல்ல தொட்டி ஒன்று. அருவி மாதிரி அதில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மஞ்சள் உரசிய கல், சீயக்காய்க் கிண்ணம், கொடியில் ஒரு சேலை. சாயங்காலம் அழகேசன் மாட்டுக்குத் தீனி வைக்கப் போனதும் பொன்னுத்தாய் வால்வை லேசாக ஒரு திருகு திருகிவிடுவாளாம். எல்லோரும் குளித்து முடித்ததும் மூடிவிடுவாளாம்.

"அடிப் பாவி! நெருப்புக்கு வெச்ச தண்ணியடி!"

"சொட்டுற தண்ணியில கரி நனையக் கூடாதுன்னு கணக்கப்புள்ளதான் சொன்னாரு. தகரம் கட்டுனோம். வுழற தண்ணிய எங்க வுடறது? வீணாப் போவுதேன்னு குளிச்சோம். கேட்டப்ப ஒரு குடம் குடுத்திருந்தா நான் ஏன் ஒம்ம தொட்டியத் தொடப் போறேன்?"

"ஒன்னக் காப்பாத்தத்தானடி நான் தண்ணியக் காவ காக்கறேன்!"

"நெருப்பு என்னிக்கோ வரப் போவுது. கரி தெனமும் வருது," என்றாள் அவள்.

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல். இருவரில் ஒருவர் முட்டாளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன்.

முதலாளி தகரங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நல்ல ஏற்பாடா இருக்கே. கரிக்கு மேல இருக்கிற தகரத்தை எவனும் தொடக் கூடாது. கரி நனையாம இருக்கணும்."

"அப்ப நெருப்புப் புடிச்சா?"

"புடிச்சா அப்ப அவிழ்த்துக்கலாம்."

அழகேசன் அண்ணாந்து நடுவரிசையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நடைக்கு மேல இருக்கிறதயாச்சும் எடுத்துடறேனுங்க. அங்க கரி இல்ல. பொம்பளைங்கதான் இருக்காங்க."

"அதை எடுத்துக்கோ. மனுஷன்மேல சொட்டினா என்ன, உப்பா கரையறதுக்கு?" என்று சொல்லிவிட்டு முதலாளி பஸ் ஏறினார்.

அவர் சொன்னபடி அன்றே நடுவரிசைத் தகரங்களை அழகேசன் கழற்றினார். மறுநாளிலிருந்து பழைய வால்வின் கசிவு பெண்களின் தலையில் சொட்டத் தொடங்கியது. கரித்தூளும் தண்ணீரும் சேர்ந்து முகத்தில் மை வழிந்தது. கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சலித்தார்கள். இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் தகரம் மேலே ஏறியிருந்தது. அழகேசன் கழற்றினார். அவர் மாட்டோடு மேட்டுக்குப் போனதும் அவர்கள் மாட்டினார்கள். இப்படி ஒரு மாதத்துக்கு மேல். வால்வை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். யுத்தம் முடியும்வரை வால்வுக்கு எங்கே போவது என்றார். அதுவும் உண்மைதான்.

ஒரு நாள் அழகேசன் கழற்றிய தகரங்களைத் தோளில் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போனார். கவலை ஓட்டுகிற சரிவில் வரிசையாகப் போட்டு, மாட்டை அதன்மேலேயே முன்னும் பின்னும் ஓட்டினார். சாயங்காலத்துக்குள் தகரமெல்லாம் அப்பளமாகிவிட்டன.

அன்றைக்கு அழகேசன் வீட்டில் உலை ஏறவில்லை என்று மறுநாள் சின்னப்பராஜ் வந்து சொன்னார். பிறகும் பல நாள் ஏறவில்லையாம். அழகேசன் ரயிலடியில் பொட்டுக்கடலை வாங்கித் தின்றுகொண்டு மாடு ஓட்டினார்.

"ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடுங்களேன் மாமா," என்றார் சின்னப்பராஜ்.

"நான் ஏன்யா கேக்கணும்? நனையறவ எம் பொண்டாட்டி. வெந்தாலும் எம் பொண்டாட்டி. எனக்குத் தெரியாதா எது தேவலன்னு?"

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சூளையிலிருந்து புதிதாக வரும் கரியை உடனே உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். வெளியே பரப்பி ஆறப் போடுவது வழக்கம்; உள்ளுக்குள் எங்காவது கனல் ஒளிந்திருக்கும், காற்றுப் பட்டால் மறுபடி கண் விழிக்கும். அன்று காலையில்தான் நாலு வண்டிக் கரி வந்து பரப்பியிருந்தார்கள். மழை வந்தால் அத்தனையும் நனையும். முதலாளி அங்கேதான் இருந்தார். உள்ளே அள்ளிப் போடச் சொன்னார். பொன்னுத்தாய் கையை வைத்துப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்றாள். வெயிலில் கிடந்தால் சூடாகத்தான் இருக்கும் என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மழை நாலு தூறலோடு போய்விட்டது.

மறுநாள் முற்பகல் வாசல் ஓரக் குவியலிலிருந்து புகை வந்தது. புகை என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் காற்று ஒரு வீச்சு வீசியது. குவியலின் முகம் முழுக்கச் சிவந்தது. தூள் பற்றி, வாசலின் இரண்டு பக்கமும் தீ எழுந்தது. பெண்கள் எல்லோரும் உள்ளே. நான் வாசலுக்கு வெளியே. அவர்கள் கூச்சல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. வால்வு எனக்குக் கை எட்டும் தூரம்தான். நான் திருகினேன், நகரவில்லை. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

மேட்டிலிருந்து அழகேசன் ஓடி வரவில்லை, உருண்டு வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தது. என்னைத் தள்ளிவிட்டு வால்வைப் பிடித்தார். குழாய் இருமியது. சீறியது. பிறகு நடைக்கு நேர் மேலே, கோடியிலிருந்து வாசல் வரைக்கும், தண்ணீர் இறங்கியது. இரண்டு பக்கமும் நெருப்பு, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மழை.

"குனிஞ்சு வாங்கடி! நடுவுலயே வாங்க! ஏ பொன்னுத்தாயி, குனிடி!"

தலையில் கோணியோடு ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சுந்தராம்பாளுக்குக் கையில் காயம். மற்றவர்களுக்கு மயிர்கூடக் கருகவில்லை. பொன்னுத்தாய் கடைசியாக வந்தாள். வந்ததும் வராததுமாக, "என்னையா குனியச் சொன்ன, நான் என்ன ஒங் கவல மாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தாள்.

கரிக்கு மேலிருந்த குழாய்களும் கொட்டிக்கொண்டுதான் இருந்தன. அந்தத் தண்ணீர் முழுவதும் தகரத்தில் விழுந்து பின்பக்கத் தொட்டிக்குப் போனது. அங்கிருந்து குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தோம். கரி சாயங்காலம் வரை எரிந்தது.

முதலாளி வந்து, கூரையில்லாத கொட்டகையைப் பார்த்தார். நனைந்த சேலைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார்.

"குழாயை எதுக்கு வெச்சேன்? கரியைக் காப்பாத்த. கரி போச்சு. இவளுங்களைக் குளிப்பாட்டி வெச்சிருக்கே."

"கரிக்கு மேல தகரம் இருக்கணும்னது நீங்கதானுங்களே?"

"வாய் வேறயா? நாளையிலிருந்து மாட்டை வேற எங்கேயாவது ஓட்டிக்கோ."

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள் இரண்டு நாள் கழித்து வந்தார். வால்வைத் திறக்கத் தாமதமாகிவிட்டது, தண்ணீர்க்காரன் அசட்டை என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார். எங்களையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். நான் என் முறைக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஆளோ முதலில் பெண்களிடம் போனார். அவர்களில் பொன்னுத்தாய்தான் தலைவி என்று யாரோ காட்டினார்கள். அவள் அழகேசன் மனைவி என்று அவருக்குத் தெரியாது. அழகேசன் தன் மாட்டுக் கயிறு, இறைக்கிற சால், தோல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார்.

"அந்தத் தண்ணீர்க்காரர் எப்படிப்பட்ட ஆளம்மா?"

"அதுவா? சண்டக்காரருங்க," என்றாள் பொன்னுத்தாய். "கிறுக்கரு. ஒரு குடம் தண்ணி குடுக்க மாட்டாரு. ஊர்ல இருக்கிற அத்தன பேரையும் திருடன்னுவாரு. நாங்க கட்டுன தகரத்த மாட்ட வுட்டு மிதிச்சாரு. ஒரு மாசமா எங்க தல காயல, சளி புடிச்சுப் போச்சு."

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"தண்ணீர் வரத் தாமதமாச்சா?"

"தண்ணியா? அது சரியா வந்துச்சுங்க. எங்க தலமேல வுழுந்துச்சு. கரிமேல வுழலன்னா, அதுக்கு மேல தகரம் இருக்கணும்னு மொதலாளிதான் உத்தரவு. எல்லாரும் காதால கேட்டோம்." சுற்றிப் பார்த்தாள். மற்றப் பெண்கள் ஆமாம் என்றார்கள். "கணக்கப்புள்ளயும் கேட்டாரு."

கம்பெனி ஆள் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். அவ்வளவு எளிதான வார்த்தையாக இருந்தது.

இன்ஷூரன்ஸ் பணம் வரவில்லை; டெப்போவும் அதோடு மூடிப்போயிற்று. எல்லோருக்கும்தான் வேலை போயிற்று. எதற்காக எழுதுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அழகேசன் வீரர் இல்லை. யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தால் எனக்கு இன்றும் பிடிக்காது. நெருப்பு வந்தால் அவள் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று ஒரே ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. பதில் கிடைக்கிறவரை எல்லோரையும் அதைவைத்துத் தொந்தரவு செய்தார். என்னிடம் நூறு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்காகவும் நான் யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

அன்று வண்டி புறப்படும்போது பொன்னுத்தாய் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அழகேசன் வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்க்காமலேயே ஆரம்பித்தார்.

"வெளியூர் ஆளுக்கு முன்னாலயா என்னக் கிறுக்கன்ன?"

"இல்லியா பின்ன?"

"ஒரு வார்த்த நல்லதாச் சொல்ல வாய் வரலயா ஒனக்கு?"

"தண்ணி சரியா வந்துச்சுன்னு சொன்னேனே. ஓட்டுய்யா, மானம் போவுது."

பெரம்பலூர் ரோட்டில் வண்டி திரும்பும்வரை அவர்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.